டூமின் எதிரிகளை எப்படி எடைபோடுவது?

துப்பாக்கிச் சண்டை வீடியோ கேம் ஒன்று வரிசையாக நான்கைந்து பாகம் வந்துவிட்டால், அதை விளையாடுகிறவர்களிடையே ஒரு வழக்கு கிளம்பிவிடும். பழைய பாகத்தில் வந்த எதிரி கடினமா, புதிய பாகத்தில் வந்தது கடினமா? வழக்கு சூடுபிடித்ததும் இரு தரப்பும் எண்களைத் தூக்கிக்கொண்டு வரும். இத்தனை குண்டு வாங்கினால்தான் சாகும், ஒரே அடியில் இவ்வளவு ஹெல்த் போகும் என்று கணக்கு நீளும். இந்த வழக்கைத் தீர்த்துப் பார்க்க டூம் வரிசையைவிடப் பொருத்தமான களம் கிடையாது. அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் இயங்கிய இட் சாஃப்ட்வேர் என்ற சிறிய நிறுவனம் 1993 டிசம்பரில் முதல் டூமை வெளியிட்டது. 1994இல் டூம் 2, 2004இல் டூம் 3, 2016இல் மீண்டும் வெறுமனே டூம் என்ற பெயரில் ஒன்று, 2020இல் டூம் எடர்னல், 2025இல் டூம்: தி டார்க் ஏஜஸ் என்று முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அது தொடர்கிறது. இம்ப், ரெவனன்ட், காகோடீமன், ஆர்ச்வைல் என்று பெரும்பாலும் அதே அரக்கர் கூட்டம் அதே பெயர்களில் திரும்பத் திரும்ப வருகிறது. ஒரே அரக்கனை வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு விதிகளுக்குள் நிறுத்திப் பார்க்கும் வாய்ப்பு இது. அப்படிப் பார்த்தால் ஒன்று தெளிவாகும்: எதிரியின் கடுமை அதன் எண்களுக்குள் இல்லை. ஆட்டக்காரரிடமிருந்து அது எந்தச் சுதந்திரத்தைப் பறிக்கிறது என்பதில் இருக்கிறது.

முதலில் எண்களையே எடுத்துக்கொள்வோம். டூமின் மூல நிரலை அதன் ஆசிரியர்கள் 1997 டிசம்பரில் பொதுவில் வெளியிட்டுவிட்டதால், பழைய டூமின் ஒவ்வோர் எதிரியும் எவ்வளவு தாங்கும், எவ்வளவு அடிக்கும் என்பதெல்லாம் ஊகமில்லாமல் தெரியும். தீப்பந்து வீசும் பழுப்பு நிற இம்புக்கு ஹெல்த் 60. ஒற்றைக்கண் பலூன்போல மிதந்து வரும் காகோடீமனுக்கு 400. ஆட்டுக்கால் கொண்ட பெரிய அரக்கனான பாரன் ஆஃப் ஹெல்லுக்கு 1000. ஆட்டக்காரர் கையிலுள்ள ஷாட்கன் ஒரு தடவை சுட்டால் ஏழு ரவை பறக்கும். ஒவ்வொன்றும் 5, 10 அல்லது 15 புள்ளி குறைக்கும். எல்லா ரவையும் பட்டால் சராசரி 70. அதாவது பக்கத்தில் நிற்கும் இம்ப் பெரும்பாலும் ஒரே தோட்டாவில் விழும். பாரனை வீழ்த்த ஏறக்குறைய பதினைந்து தோட்டா வேண்டும். எண்ணை நம்பினால் பாரன், இம்பைவிடப் பல மடங்கு கடினமான எதிரியாக இருக்க வேண்டும்.

விளையாடிப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்வதில்லை. முதல் டூமின் முதல் அத்தியாயம் இரண்டு பாரன்களோடு முடிகிறது. நட்சத்திர வடிவ அறை, இரு பக்கமும் கதவு திறந்து வரும் இரு பேருருவங்கள், அதுவரை காணாத அளவு தாங்குதிறன். அந்த இடத்தில் பாரன் உண்மையிலேயே பயங்கரம்தான். அடுத்த அத்தியாயங்களில் அதே பாரன் சாதாரண எதிரியாக நடமாடத் தொடங்கியதும் பயம் வடிந்துவிடுகிறது. அது வீசும் பச்சை நெருப்பு நேர்கோட்டில்தான் வரும். இரண்டடி பக்கவாட்டில் நகர்ந்தால் போதும். மிச்சமெல்லாம் பதினைந்து தோட்டா தீரும்வரை நின்று சுடும் வேலை. டூம் 2 உருவானபோது பாரனின் அதே உருவை நிறம் மாற்றி, அதே தாக்குதலோடு, ஹெல்த்தை மட்டும் 500ஆகப் பாதியாக்கி ஹெல் நைட் என்ற அரக்கனைச் சேர்த்தார்கள். ஆட்டக்காரர் செய்ய வேண்டியது ஒன்றும் மாறவில்லை, நேரம் மட்டும் பாதியானது. அப்படியானால் மீதி ஐந்நூறு புள்ளியில் கடினம் என்று எதுவும் இருந்ததில்லை, காத்திருப்புத்தான் இருந்தது என்று ஆகிறது.

இதே டூம் 2இல்தான் ஆர்ச்வைலும் அறிமுகமானது. அதன் ஹெல்த் 700. பாரனைவிட 300 குறைவு. ஆனால் முப்பது ஆண்டு அனுபவமுள்ளவர்களும் அதன் குரல் கேட்டதும் மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டு அதைத் தேடுவார்கள். காரணத்தைக் கிட்டே போய்ப் பார்ப்போம். ஆர்ச்வைல் கையை உயர்த்தியதும் ஆட்டக்காரரைச் சுற்றித் தீ எழும்பும். சில நொடிகளில் அந்த மந்திரம் முடியும்போது அதன் பார்வைக்குள் இருந்தால் ஒரே வீச்சில் 90 புள்ளிவரை போய்விடும். ஆட்டக்காரரின் முழு ஹெல்த்தே வழக்கமாக 100தான். தப்ப ஒரே வழி, ஒரு சுவர் அல்லது தூணுக்குப் பின்னால் மறைவது. பக்கவாட்டில் ஓடுவது, பின்வாங்குவது என்று அதுவரை கற்ற வித்தை எதுவும் செல்லாது. மறைந்து நிற்கும் அந்த நேரத்தில் அது சும்மா இருக்காது. ஏற்கெனவே செத்துக் கிடக்கும் அரக்கர்களை எழுப்பிவிடும். ஆகவே மறையவும் வேண்டும், மறைந்தே இருக்கவும் கூடாது. சுடும்போது வலியில் தடுமாறும் வாய்ப்பும் அதற்கு மிகக் குறைவு: 256இல் 10 தடவைதான். காகோடீமனுக்கு அது 128. அதனால் செயின்கன்னை விடாமல் பிடித்தால் காகோடீமன் அநேகமாகச் செயலிழந்து நிற்கும், ஆர்ச்வைல் கண்டுகொள்ளவே செய்யாது. பாரன் ஆட்டக்காரரின் நேரத்தைக் கேட்கிறது. ஆர்ச்வைல் அவருடைய இடத்தையும், எதை முதலில் செய்வது என்ற முடிவையும், செய்து முடித்த வேலையையும் ஒருசேரப் பறிக்கிறது. அதுதான் வித்தியாசம்.

சதுரங்கத்தில் குதிரைக்கு மூன்று மதிப்பு என்று புதிதாகப் பழகுகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பார்கள். பலகையின் நடுவில் நிற்கும் குதிரையும் மூலையில் முடங்கிய குதிரையும் ஒன்றல்ல என்பது ஆடத் தெரிந்தவர்களுக்குத் தெரியும். டூமின் எதிரிகளுக்கு இது அப்படியே பொருந்தும். அதற்கு நேரடிச் சான்று 1996இல் வெளிவந்த ஃபைனல் டூம் தொகுப்பின் ஒரு பாதியான தி புளுடோனியா எக்ஸ்பெரிமென்ட். டாரியோ கசாலி, மைலோ கசாலி என்ற சகோதரர்கள் அமைத்த லெவல்கள் அவை. அரக்கர்கள் டூம் 2இன் அதே அரக்கர்கள். ஒருவருக்கும் ஹெல்த் ஒரு புள்ளி கூடவில்லை, ஒரு தாக்குதலும் மாறவில்லை. ஆனாலும் புளுடோனியா டூம் 2ஐவிடக் கடினம் என்பதில் ரசிகர்களிடையே கருத்து வேறுபாடே இல்லை. செயின்கன் ஏந்திய சிப்பாயை எடுத்துக்கொள்ளுங்கள். ஹெல்த் வெறும் 70. ஷாட்கன்னின் ஓரிரு தோட்டாவுக்கு மேல் தாங்காது. கதவுக்குப் பின்னால் நின்றால் அது ஒரு பொருட்டே இல்லை. ஆனால் அதன் குண்டு சுட்ட கணமே பட்டுவிடும், விலக முடியாது. பார்வையில் ஆட்டக்காரர் இருக்கும்வரை சுடுவதை நிறுத்தாது. ஒதுங்க இடமில்லாத திறந்தவெளியில், தொலைவான ஒரு மேட்டில் அதை நிறுத்தினால் பாரனைவிட அதுவே உயிருக்கு ஆபத்து. கசாலி சகோதரர்கள் செய்தது இதைத்தான். அரக்கர்களைத் திருத்தாமல், அவர்கள் நிற்கும் இடத்தைத் திருத்தினார்கள்.

முதல் டூமிலேயே இந்தப் புரிதல் இருந்திருக்கிறது. அதன் மிகக் கடினமான நிலைக்கு நைட்மேர் என்று பெயர். அந்த நிலையிலும் எந்த அரக்கனின் ஹெல்த்தும் உயராது. மாறுவது வேறு. இம்ப் வீசும் தீப்பந்து இரு மடங்கு வேகத்தில் வரும், அரக்கர்கள் இடைவெளி விடாமல் தாக்குவார்கள், கொன்றவை சற்று நேரத்தில் மீண்டும் எழும். கையில் கிடைக்கும் தோட்டாக்களின் எண்ணிக்கையோ இரு மடங்காகும். எண்ணளவில் பார்த்தால் இது ஆட்டக்காரருக்கு உதவி. ஆனால் கொன்று தீர்த்து அறையைக் காலியாக்கி, மூச்சுவாங்கி, சாவகாசமாகச் சுற்றிப் பார்க்கும் உரிமை போய்விடுகிறது. தோட்டா இருந்தும் பயனில்லை, நிற்க நேரமில்லை. கடுமையைக் கூட்ட எதிரியின் உடம்பைத் தடிமனாக்க வேண்டியதில்லை என்பதற்கு இதைவிட நல்ல சான்று அந்தக் காலத்தில் இல்லை.

பத்தாண்டு கழித்து வந்த டூம் 3 வேறொன்றைப் பறித்தது: பார்வை. கதைக்களம் செவ்வாய்க் கிரகத்தின் ஆராய்ச்சி நிலையம். குறுகிய நடைபாதைகள், அணைந்து எரியும் விளக்குகள், முக்கால்வாசி இருட்டு. ஒரு சமயத்தில் எதிரே வரும் அரக்கர்கள் இரண்டு மூன்றுதான். பழைய டூமின் கூட்டத்தோடு ஒப்பிட்டால் சொற்பம். ஆனால் டார்ச் லைட்டைப் பிடித்தால் துப்பாக்கி பிடிக்க முடியாது, துப்பாக்கி பிடித்தால் டார்ச் கிடையாது. இந்த ஒரு விதியால் இம்ப் புதிய எதிரியாகிவிட்டது. பழைய டூமில் அது தூரத்தில் நின்று தீப்பந்து வீசும், ஆட்டக்காரர் பார்த்து விலகுவார். இங்கே கதவு திறந்த கணத்தில் இருட்டுக்குள்ளிருந்து பாய்ந்து மேலே விழும். கேம் வெளிவந்த சில நாட்களிலேயே ரசிகர்கள் டார்ச்சைத் துப்பாக்கியோடு டேப் போட்டு ஒட்டியதுபோல ஒரு மாற்று நிரல் எழுதி வெளியிட்டார்கள். 2012இல் வந்த மறுபதிப்பில் நிறுவனமே சுடும்போதும் டார்ச் எரியும்படி மாற்றிவிட்டது. இம்ப் கையில் இருந்த பெரிய ஆயுதமே இருட்டுத்தான். விளக்கும் துப்பாக்கியும் சேர்ந்து கிடைத்ததும் அந்த ஆயுதம் பறிபோனது. அதன் நகமோ தீப்பந்தோ அப்படியேதான் இருந்தன.

2016இன் டூம் திசையைத் திருப்பியது. அடிபட்டுத் தடுமாறும் அரக்கனைக் கைக்கெட்டும் தூரத்தில் போய்க் கொன்றால் அதன் உடலிலிருந்து ஹெல்த் சிதறும். ஆகவே ஹெல்த் குறையும்போது பின்வாங்குவது தப்பு, முன்னே பாய்வதுதான் பிழைக்கும் வழி. இம்ப் இப்போது சுவரில் தொற்றி ஏறுகிறது, தூணில் தாவுகிறது. ரெவனன்ட் என்ற எலும்புக்கூடு அரக்கனின் மாற்றம் இன்னும் சுவையானது. டூம் 2இல் அதன் ஏவுகணைகளில் சில ஆட்டக்காரரை வளைந்து வளைந்து துரத்தும். சுவர் ஒன்றைச் சுற்றி ஓடி ஏவுகணையைச் சுவரில் மோதவிடுவதுதான் தீர்வு. 2016இல் அது முதுகில் ஜெட்பேக் கட்டிக்கொண்டு வானில் மிதந்து சரமாரியாகப் பொழிகிறது. தரையை மட்டும் கவனித்துக்கொண்டிருந்தவர் தலைக்கு மேலேயும் பார்க்க வேண்டியிருக்கிறது. எடர்னலில் அதன் தோளில் உள்ள பீரங்கிகளைக் குறிபார்த்து உடைத்துவிடலாம், பிறகு தொலைவிலிருந்து அதன் தொல்லை பெருமளவு அடங்கிவிடும். மூன்று பாகம், ஒரே பெயர், மூன்று கேள்வி: எங்கே ஒளிவாய், எங்கே பார்ப்பாய், எதை முதலில் உடைப்பாய்? ‘எந்த ரெவனன்ட் கடினம்’ என்று கேட்பதைவிட, இந்த மூன்றில் எது நம்மைத் திணறடிக்கிறது என்று கேட்டால் பதில் கிடைக்கும்.

எடர்னல் பறித்தது விருப்பத்தை. பிடித்த துப்பாக்கி ஒன்றையே கடைசிவரை வைத்துக்கொள்ள அது விடாது. தோட்டாக்கள் சீக்கிரம் தீரும். தீர்ந்தால் ரம்பத்தால் சிறு அரக்கன் ஒன்றை அறுத்து அதிலிருந்து தோட்டா எடுக்க வேண்டும். ரம்பத்தின் எரிபொருளில் ஓர் அளவு தானாகவே நிரம்பிக்கொண்டிருக்கும். அதனால் பழைய டூமில் கவனமாகக் கையாளப்பட்ட இம்ப், இங்கே தோட்டாக் கிடங்காகவே மாறிவிட்டது. அது எதிரே நின்றால் ஆட்டக்காரருக்கு நிம்மதி. காகோடீமனின் வாய்க்குள் வெடிகுண்டைச் சரியாகப் போட்டால் விழுங்கிவிட்டுத் தடுமாறும், உடனே முடித்துவிடலாம். ஒவ்வோர் அரக்கனுக்கும் ஒரு பூட்டு, அதற்கென்று ஒரு சாவி என்ற ஏற்பாடு. இதன் உச்சம்தான் மரோடர். கேடயம் பிடித்து வரும் இந்தப் போர்வீரனைக் கண்டபடி சுட்டால் கேடயம் தடுக்கும், கூடவே ஓநாய் உருவம் ஒன்று பாய்ந்து வரும். பக்கத்தில் போனால் அதுவும் ஷாட்கன் வைத்திருக்கிறது. தூரம் போனால் கோடாரியின் வீச்சு வரும். நடுத்தூரத்தில் நின்றால்தான் கோடாரியை ஓங்கிக்கொண்டு வரும். அப்போது அதன் கண் பச்சையாக மின்னும், அந்தக் கணத்தில் மட்டும் சுட வேண்டும். மற்ற அரக்கர்களோடு பறந்து பாய்ந்து சண்டையிட்டவர் இங்கே நின்று காத்திருக்கப் பழக வேண்டும்.

மரோடர் அளவுக்கு ரசிகர்களைப் பிரித்த எதிரி இந்த வரிசையில் வேறில்லை. அது கடினமே இல்லை, எரிச்சல்தான், ஆட்டத்தின் ஓட்டத்தையே உடைக்கிறது என்பது ஒரு தரப்பு. அந்தப் புகாரில் நியாயம் இருக்கிறது, ஆனால் அது என் வாதத்துக்கு எதிரானதாக எனக்குப் படவில்லை. மரோடரிடம் தோற்றவர்கள் யாரும் அதன் ஹெல்த் அதிகம் என்று குறைபட்டுக்கொள்வதில்லை. தங்கள் கையிலிருந்து எது பிடுங்கப்பட்டது என்பதைத்தான் சொல்கிறார்கள்: விரும்பிய இடத்தில், விரும்பிய நேரத்தில், விரும்பிய துப்பாக்கியால் சுடும் உரிமை. கடுமையை எங்கே அளக்க வேண்டும் என்பதை அந்தப் புகாரே காட்டிக்கொடுக்கிறது. பறித்தது அளவுக்கு மிஞ்சியதா என்பது வேறு கேள்வி. என் கணிப்பில், மரோடர் தனியாக வரும்போது மிகுதியாகப் பறிக்கிறது. நான்கு பக்கமும் வேறு அரக்கர்கள் சூழ வரும்போது அதுவே சிறந்த எதிரியாகிவிடுகிறது. காரணம், அந்தக் கூட்டத்தில் எப்போது மரோடரை எதிர்கொள்வது என்ற முடிவு ஆட்டக்காரரிடமே திரும்பி வந்துவிடுகிறது.

என் வாதத்துக்கு இன்னும் இரண்டு மறுப்புகள் உண்டு. எண்களை இப்படி ஒரேயடியாகத் தள்ளிவிட முடியுமா என்பது முதலாவது. பழைய டூமின் சைபர்டீமனுக்கு ஹெல்த் 4000. அது கடினமான எதிரி இல்லையா? கடினம்தான். ஆனால் விரிந்த மைதானத்தில் அதைச் சுற்றி வட்டமடித்தபடி அதன் ராக்கெட்டுகளை விலக்கிக்கொண்டே நெடுநேரம் சமாளிக்கலாம். டூம் 2இன் ஒரு லெவலில் அதைப் பாரன் கூட்டத்துக்கு நடுவே நிறுத்தியிருக்கிறார்கள். ஒன்றின் அடி மற்றொன்றின் மேல் பட்டதும் அவை ஒன்றோடொன்று மோதத் தொடங்கிவிடும், ஆட்டக்காரர் ஓரமாக நின்றுகொள்ளலாம். அங்கே 4000 என்ற எண் அவருக்குச் சாதகமாகவே வேலை செய்கிறது. அதே அரக்கன் ஒரு குறுகிய மேடையில் எதிரே வந்தால் தப்ப வழியில்லை. எண் ஒரு மூலப்பொருள். தோட்டா குறைவாக உள்ள இடத்தில், நகர இடமில்லாத இடத்தில், நேரம் இல்லாத இடத்தில்தான் அது கடுமையாக மாறுகிறது. எடர்னலின் கடின நிலைகளில்கூட அரக்கர்களின் ஹெல்த்தை ஏற்றவில்லை. அவர்கள் தாக்கும் வேகத்தையும் அடியின் வலுவையும்தான் ஏற்றினார்கள்.

கடினம் என்பது ஆளுக்கு ஆள் மாறும், அதை எப்படிப் பொதுவாக ஒப்பிடுவது என்பது இரண்டாவது மறுப்பு. திறமை மாறும், பழக்கம் மாறும் என்பது உண்மை. ஆனால் எதிரி கேட்கும் கேள்வி ஆளுக்கு ஆள் மாறுவதில்லை; பதில் சொல்லும் வேகம்தான் மாறுகிறது. புதியவரும் தேர்ந்தவரும் ஆர்ச்வைலைக் கண்டால் சுவரைத்தான் தேடுகிறார்கள். இங்கே ஒரு நல்ல உரைகல்லும் கிடைக்கிறது: எதிரியைப் பற்றி எல்லாம் தெரிந்த பிறகு எவ்வளவு கடுமை மிஞ்சுகிறது? டூம் 3இன் கதவோர இம்ப், எந்தக் கதவு என்று தெரிந்துவிட்டால் பாதி பலம் இழந்துவிடும். மரோடரும் அப்படியே, பச்சை ஒளி தெரிந்த கணத்தில் ஷாட்கன்னையும் பாலிஸ்டா என்ற ஆயுதத்தையும் மாற்றி மாற்றி அடுத்தடுத்துச் சுடப் பழகியவர்கள் அதைச் சில நொடிகளில் முடித்துவிடுகிறார்கள். ஆர்ச்வைலோ, அதன் ரகசியம் முழுவதும் மூல நிரலில் எல்லோர் கண்ணுக்கும் முன்னால் கிடந்தும், இன்றைக்கும் பயமுறுத்துகிறது. அதன் கடுமை தெரியாமையில் தங்கியிருக்கவில்லை. ஒரே நேரத்தில் நிறைவேற்ற முடியாத இரண்டு தேவைகளை ஆட்டக்காரர் முன் வைப்பதில் தங்கியிருக்கிறது. முழு வரிசையிலும் மிகக் கடினமான எதிரி எது என்று ஒரே பெயரைச் சொல்லச் சொன்னால், இந்த உரைகல்லின்படி 1994இன் ஆர்ச்வைலைத்தான் சொல்வேன்.

தி டார்க் ஏஜஸ் இந்த வழக்கில் ஒரு புதிய சாட்சி. அதில் கடின நிலை ஒன்றைத் தேர்ந்தெடுத்ததோடு வேலை முடிவதில்லை. எதிரியின் அடி எவ்வளவு வலிக்க வேண்டும், அதன் ஏவுகணைகள் எவ்வளவு வேகமாக வர வேண்டும், எவ்வளவு ஆக்ரோஷமாகத் தாக்க வேண்டும், கேடயத்தால் திருப்பி அடிக்க எவ்வளவு அவகாசம் வேண்டும் என்று தனித்தனியாகத் திருகிக்கொள்ளலாம். கடுமை என்ற ஒற்றைச் சொல்லுக்குள் இத்தனை தனிச் சரக்குகள் இருக்கின்றன என்று தயாரித்தவர்களே பிரித்துக் காட்டிவிட்டார்கள். கண்பார்வை மங்கியவருக்கும், விரல்கள் வேகமாக இயங்காதவருக்கும், நாள் முழுக்க வேலை பார்த்துவிட்டு அரை மணி நேரம் விளையாட உட்காருகிறவருக்கும் இது பெரிய கொடை. வேகம் ஒருவருக்குத் தடையாக இருக்கலாம். அதற்காக ஆட்டம் வைக்கும் புதிரையும் அவரிடமிருந்து எடுத்துவிட வேண்டிய அவசியம் இல்லை.

ஆகவே அடுத்த தடவை இரண்டு பாகங்களின் எதிரிகளை ஒப்பிட நேரும்போது கேட்க வேண்டியவை மூன்று. இந்த எதிரி என்னிடமிருந்து எதைப் பறிக்கிறது? பறித்ததை மீட்க எனக்கு வழி விட்டிருக்கிறதா? எல்லாம் தெரிந்த பிறகும் அது என்னை யோசிக்க வைக்கிறதா? கேம் தயாரிப்பவர்களுக்கும் இதே மூன்றுதான் அளவுகோல். ஹெல்த்தை இரு மடங்காக்குவது ஒரு வரி நிரலில் முடிந்துவிடும்; அது ஆட்டத்தை நீளமாக்கும், ஆழமாக்காது. எழுபது ஹெல்த் கொண்ட ஒரு சிப்பாயை எந்த மேட்டில் நிறுத்துவது என்று யோசிப்பதற்குத்தான் உழைப்பு வேண்டும். ஆட்டக்காரர் மதிப்பதும் அந்த உழைப்பைத்தான்.